பூவில்லாத மாதத்துத் தேன்

கோடை உச்சிக்கு வந்து, சுற்றுவட்டாரத்தில் ஒரு பூகூட மிச்சமில்லாத மாதத்தில், பல்செட்டுக்காரரின் தேன்பெட்டிகள் மட்டும் கனத்துக்கொண்டே போயின.

அந்த மாதத்தில் தேனீ வளர்க்கிறவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பூக்காலத்தில் சேர்த்ததைத் தேனீக்கள் உட்கார்ந்து தின்று தீர்க்கும் காலம் அது. உள்ளே இருப்பு எவ்வளவு என்று பார்க்கப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பின்பக்கம் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினால் கையே சொல்லிவிடும். பல்செட்டுக்காரர் தினமும் காலையில் கொல்லைப்புறம் போய் ஐந்து பெட்டிகளையும் அப்படித் தூக்கிப் பார்ப்பார். நேற்றைவிட இன்று கனம், போன வாரத்தைவிட இந்த வாரம் கனம். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கேயோ ஒரு மரம் பூத்திருக்கிறது, மற்றவன் தேனீக்குக் கண்ணில் படாத மரம், என் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டன என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பஞ்ச காலத்துல ஒருத்தன் மட்டும் ஊதிக்கிட்டே போனா, அவன் எங்கயோ கை வைக்கிறான்னு அர்த்தம்ங்க," என்றாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெருமை தலைக்கேறிய மனிதனிடம் யோசி என்று சொல்வது, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துவது மாதிரிதான்.

அவர் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் சாந்துத் தாடைகளை வைத்து, முதலில் மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, பிறகு செட்டாக வார்த்துக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரோரம் நீளமான பலகை. அதன்மேல் வாயைத் திறந்தபடி வரிசையாக வெள்ளைத் தாடைகள். மெழுகு வாங்கப் போன இடத்தில் தேனீயைப் பார்த்து, அதன் மேல் பித்துப் பிடித்து, கொல்லையில் பெட்டி வைத்தார். அது ஆகிவிட்டது பதினைந்து வருஷம்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாயாடி. அப்பாவின் உடுப்பு, அப்பாவின் குறட்டை, அப்பா கணக்குப் போடும் அழகு எல்லாவற்றையும் கிண்டலடிப்பாள். தேனீ விஷயத்தில் மட்டும் கிண்டல் கிடையாது. அப்பா சொன்னால் சொன்னதுதான். பெட்டியைத் திறந்து அவர் தேனடை கட்டிய ஒரு சட்டத்தை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால், பக்கத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மகள் கண்ணில் தான் ஒரு பெரிய ஆளாக இருக்கும் ஒரே இடம் அந்தக் கொல்லைப்புறம்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மகளை மூன்று தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சாது, அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அந்த அப்பா, அதாவது நம் ஆளின் சம்பந்தி, மருந்துக்கடை வைத்திருந்தார். எந்த வியாதிக்கும் தன் அலமாரியில் ஒரு மாத்திரை உண்டு என்று நம்புகிறவர். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தே உதட்டைப் பிதுக்குவார்.

போன பூக்காலத்தில் பல்செட்டுக்காரர் தன் பெட்டிகளில் பலமான ஒன்றைப் பிரித்து, பாதிக் கூட்டத்தை ராணித் தேனீயோடு மகளுக்குக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரருக்கு ஒரு பெட்டி போதவில்லை. சம்பந்தி வீட்டில் ஐந்து இருக்கும்போது நம் வீட்டில் ஒன்றா? தேனீ வளர்ப்பைக் கைவிட்ட யாரோ ஒருவன் விலைக்குப் போட்ட பழைய பெட்டிகள் இரண்டைச் சல்லிசாக வாங்கிவந்தார். தேனீ பெருகி அந்தப் பழைய பெட்டிகளுக்குள் பரவிற்று.

அந்தப் பெட்டிகளை இறக்கிய அன்று பல்செட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பழைய அடையின் குழிகளில், அடியோடு ஒட்டிய கறுப்புப் பொருக்கு நகத்தில் நெருடியது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. தேனீயில் புழு அழுகல் என்று ஒரு நோய் உண்டு. குழிக்குள் இருக்கும் குஞ்சுப் புழுக்கள் கரைந்து கூழாகிச் செத்துப்போகும். அந்த நோயின் விதை மரப்பலகைக்குள் ஒரு மனித ஆயுசு காலம் தூங்கும். வெந்நீருக்கும் சாகாது, மருந்துக்கும் சாகாது. நெருப்பு ஒன்றுக்குத்தான் சாகும். பெட்டி, அடை, தேன், தேனீ எல்லாவற்றையும் குழியில் போட்டுக் கொளுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

உள்ளே நெருப்புக் காட்டிட்டு வைங்களேன் சம்பந்தி என்று மென்று முழுங்கிச் சொன்னார். கிருமிநாசினி போட்டுக் கழுவியாயிற்று, கடையிலேயே உசத்தியானது என்று பதில் வந்தது. பெண்ணைக் கொடுத்த இடம். அதற்குமேல் வாயைத் திறந்தால் வம்பு என்று அவர் வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது கோடைக்கு வருவோம். பெட்டிகள் கனக்கக் கனக்க, தேனீக்களின் லட்சணமும் மாறிற்று. உடம்பில் இருக்கும் மெல்லிய ரோமம் உதிர்ந்து, எண்ணெய் தடவியது போலக் கறுத்து மின்னின. பூவுக்குப் போகிற தேனீ வெயில் ஏறியபிறகு கிளம்பும். இவை விடியுமுன் கிளம்பி, இருட்டும்வரை வந்துகொண்டிருந்தன. கால்களில் மகரந்தம் ஒரு துளிகூட இல்லை. வயிறு மட்டும் பெருத்திருந்தது. கொல்லையில் ஒரு விதமான அவசர இரைச்சல். சமையலறை ஜன்னலை முட்டின. பட்டறைக்குள் நுழைந்து, மேஜைமேல் இருந்த மெழுகை முகர்ந்து, பலகைமேல் இருந்த தாடைகளின் பற்களுக்கிடையே புகுந்து புகுந்து வந்தன. ஒரு நாள் அவர் வேலை செய்துகொண்டிருந்த செட்டின் அண்ணத்தில் ஏழெட்டு உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தன. ஊதி விரட்டினார், திரும்பி வந்தன. அவருக்கு லேசாக முதுகு சில்லிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. முதுகு சில்லிட்டது மறந்துபோயிற்று.

பதினைந்து வருஷ அனுபவக்காரருக்கு இது என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது. மாமனார் இன்னும் கடைக்குக் கிளம்பவில்லை போல.

"அப்பா, இங்க பெட்டியில கொள்ளை நடக்குது. வாசல்ல ஒரே சண்டை, கீழ பூரா செத்துக் கெடக்கு. எங்கேருந்தோ வந்து தேனைத் தூக்கிட்டுப் போகுதுங்க. போறதுங்க மேல கோதுமை மாவு தூவிட்டேன். உங்க பெட்டிக்கு வெள்ளையா ஏதாவது வருதான்னு பாருங்க."

தேனீ வளர்க்கிறவர்கள் கொள்ளைக்காரனைப் பிடிக்கிற வழி அதுதான். சாகக் கிடக்கும் கூட்டைப் பலமான கூட்டம் மோப்பம் பிடித்துச் சூறையாடும். எந்தக் கூட்டம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாவைத் தூவிவிட்டால், வெள்ளை எந்த வாசலில் போய் இறங்குகிறதோ அதுதான் திருட்டு வீடு.

பல்செட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே கொல்லைக்கு நடந்தார். மனைவி வாளியோடு அங்கே நின்றிருந்தாள். அவர் முதல் பெட்டியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கறுப்பாகத்தான் வந்தன. பிறகு ஒன்று வெள்ளையாக வந்து இறங்கியது. பின்னாலேயே இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. மாவு மில்லில் வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களைப் போல, தலை முதல் கால்வரை வெள்ளையாக, ஐந்து வாசல்களிலும் அவை இறங்கி, அவசரமாக உள்ளே போயின.

"அப்பா? வருதா?"

அந்த ஒரு நொடியில் அவர் மனதில் ஓடியதையெல்லாம் சொன்னால் பக்கம் போதாது. கோடை முழுக்கத் தெருத்தெருவாக அடித்துக்கொண்ட பெருமை ஓடியது. உங்க தேனீ எங்க வீட்டைக் கொள்ளையடிச்சிடுச்சே சம்பந்தி என்று மருந்துக்கடைக்காரர் பல் தெரியச் சிரிப்பது ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே, மகளின் அந்தப் பார்வை ஓடியது.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணும் வரல. எல்லாம் சாதாரணமாத்தான் இருக்கு."

மறுமுனையில் பெரிதாக ஒரு மூச்சு வந்தது.

"அப்பாடா. உங்களது இல்லைன்னா போதும்பா. இங்க எனக்கு வாடையே சரியில்ல. மாமா தொறக்க விடமாட்டேங்கறார். இன்னைக்குத் தொறந்து பாத்துடறேன்."

அவள் பயந்தது தன் தேனுக்காக இல்லை, திருட்டுத் தேனோடு நோயும் போய்ச் சேரக்கூடிய அவர் பெட்டிகளுக்காக. அது அவருக்கு அப்போதே உறைத்தது. உறைத்து என்ன பயன், வார்த்தை போய்விட்டது. நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புடவைத் தலைப்பில் வெள்ளையாக ஒரு தேனீ உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. சொல்லிருங்க என்றாள். உன் வேலையைப் பாரு என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை மகள் பெட்டியைத் திறந்தாள். புழுக்குழிகளின் மூடிகள் அமுங்கி, நனைந்து, ஓட்டை விழுந்திருந்தன. ஒரு தீக்குச்சியை விட்டு மெல்ல இழுத்தாள். பழுப்பு நிறத்தில் பசை நூலாக நீண்டு வந்தது. அதற்குமேல் சோதனை வேண்டியதில்லை. அதைவிட மோசமான ஒன்றும் அன்றுதான் தெரிந்தது: மருந்துக்கடைக்காரருக்கு நோய் இருப்பது மாதக்கணக்காகத் தெரியும். காப்ஸ்யூல்களை உடைத்து, சர்க்கரைப் பொடியில் கலந்து, அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பெட்டிக்குள் தூவி வந்திருக்கிறார். மருந்து நோயை ஆற்றாது. அதன் முகத்தை மூடி வைக்கும். கோடையில் கடையில் வேலை மும்முரம், தூவ மறந்தார். மூடி விலகிவிட்டது.

அவள் யாரையும் கேட்கவில்லை. தேனீ எல்லாம் அடங்கிய நேரத்தில் தோட்டத்து மூலையில் குழி வெட்டி, மூன்று பெட்டிகளையும் தானே கொளுத்தினாள். மாமனாருக்கும் அவளுக்கும் பெரிய சண்டை என்று மாப்பிள்ளை வந்து ரகசியமாகச் சொன்னான். என்ன சண்டை, யார் என்ன சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மடியில் கனம் இருப்பவனுக்கு வழியில் எதையும் விசாரிக்கத் தைரியம் வராது.

மழை தொடங்கியது. பெட்டிகளின் மேல் தகரம் போட்டு, கல் வைத்து, வாசலைச் சுருக்கினார். இரண்டு மழைக்கு நடுவே ஒரு நாள் வெயில் அடித்தது. அன்று மூன்றாவது பெட்டியைத் திறந்தார். சட்டத்தைத் தூக்கும்போதே வாடை வந்துவிட்டது. தச்சன் பட்டறையில் காய்ச்சுகிற பழைய பசையின் வாடை. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மூடிகள் அமுங்கிக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்தார். முதல் தடவை குழியைத் தவறவிட்டார். ஈறில் பல் பதிக்கும்போது மயிரிழை பிசகாத கை அது. நூல் நீண்டது.

கொளுத்தியிருக்க வேண்டும். அன்று மாலையே கொளுத்தியிருக்க வேண்டும். ஆனால் கொளுத்தினால் மகள் கேட்பாளே, எங்கேருந்து வந்துச்சு என்று? ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே என்று? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டவனுக்குச் சோறு எவ்வளவு இருந்தாலும் போதாது. அவர் பெட்டியை மூடினார். உள்ளே வந்து கை கழுவினார். மறுபடியும் கழுவினார். அன்றைக்கே மனைவி சமையலறை மேஜையில் இருந்த தேன் பாட்டிலை எட்டாத மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள்.

மருந்துக்கடைக்கு அவர் போனபோது சாயங்காலம். இருமலும் சளியுமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் போகும்வரை பற்பசை விளம்பரத்தைப் படிப்பதுபோல நின்றார். வேறு கடைக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் என்ன கேட்பது, எவ்வளவு கலப்பது என்று தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான்.

நெருங்கிப்போய், எங்க தெருவுல ஒருத்தருக்கு என்று ஆரம்பித்தார். சம்பந்தி முடிக்க விடவில்லை. குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேலே வைத்தார்.

"எத்தனை பெட்டி?"

பல்செட்டுக்காரர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அஞ்சு," என்றார்.

சம்பந்தி நிதானமாக எண்ணிக் கட்டிக் கொடுத்தார். எதில் கலப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தூவுவது என்று பிள்ளைக்கு டானிக் கொடுக்கச் சொல்லித் தருவதுபோல விளக்கினார். முகத்தில் ஏளனம் இல்லை, இருந்திருந்தால்கூடத் தேவலை. ஏதோ நல்லபடியாக முடிந்த காரியத்தைப் பார்ப்பதுபோல ஒரு திருப்தி இருந்தது. இவர் சட்டைப்பையில் கையை விட்டதும் தடுத்தார்.

"உள்ள வைங்க சம்பந்தி. இது நம்ம வீட்டு விஷயம்."

"அவகிட்ட..."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு தடவைகூட விடாம தூவுங்க. நடுவுல விட்டாத்தான் வம்பு."

குளிர்காலம் முழுக்க அது நடந்தது. தேனீக்கள் ராணியைச் சுற்றிப் பந்தாகக் கூடி உட்கார்ந்திருக்கும். அவர் மூடியைத் துளி நகர்த்தி, சட்டங்களின் தலையில் சர்க்கரைப் பொடியைத் தூவிவிட்டு மூடுவார். அமுங்கின மூடிகள் மறைந்தன. வாடை போயிற்று. கூடுகள் பளிச்சென்று இருந்தன. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நோயாளி படுத்திருந்தால் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். எழுந்து நடமாடி, சிரித்துப் பேசி, நாலு வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தால்? தேன் கேட்டு வந்த பல் டாக்டர்களிடம் இந்த வருஷம் ஒன்றும் தேறவில்லை என்றார். பதினைந்து வருஷத்தில் அவ்வளவு தேன் வந்ததே இல்லை. ராத்திரி படுத்தால் காதுக்குள் இரைச்சல் கேட்டது.

மகள் அடிக்கடி வந்தாள். பெட்டிகள் அருகே போய் காதை வைத்துக் கேட்பாள். நல்லா இருக்குப்பா என்பாள். பூக்காலம் வரட்டும், எனக்கு ஒண்ணு பிரிச்சுக் கொடுங்க, உங்க கூட்டத்தைத் தவிர வேற எதையும் நம்பமாட்டேன் என்பாள். பாக்கலாம்மா என்று இவர் பட்டறைக்குள் போய்விடுவார்.

பூக்காலம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்தது. வேலியோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. அடுத்த வாரம் என்றார். ராணி இன்னும் முட்டை வைக்கவில்லை என்றார். காற்று அதிகம் என்றார். சாக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு விடுமுறை நாளில், முன்னறிவிப்பில்லாமல், மகள் காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டைச் சாய்த்து, நாலு புதுப்பெட்டிகள் வைத்திருந்தாள். புது மரத்தின் வாசனை வாசல்வரை வந்தது.

ஒன்று அவளுக்கு. மற்ற மூன்றும் அவளோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களுக்கு. அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டதாம். ஒருத்தி வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒருத்தி வீடு ஊர்க்கோடியில். எல்லாருக்கும் எங்கப்பா கூட்டம்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அவர் புகை ஊதும் டப்பாவைப் பற்றவைத்தார். வேறென்ன செய்வது? அவள் வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி வெயிலில் பிடித்து, புழுக்குழிகளை ஒன்றுவிடாமல் பார்த்தாள். மூடிகள் எல்லாம் நிரம்பி, உலர்ந்து, சீராக இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள், சின்ன வயதில் பார்த்த மாதிரியே. அவர் புகையை ஊதிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்; புகை கண்ணில் பட்டதாகச் சொன்னார். நல்ல நல்ல சட்டங்களாகத் தேர்ந்தெடுத்து நாலு பெட்டிகளையும் நிரப்பினாள். இருவருமாகத் தூக்கிக் காரில் வைத்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான சிறகுகள் நடுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது.

அவள் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு தெரியுமாப்பா? அன்னைக்கு மாமாகிட்ட சண்டை போட்டேன்ல, அப்ப மூஞ்சிக்கு நேரா சொன்னேன். எங்கப்பாவா இருந்தா அஞ்சையும் அன்னைக்கே கொளுத்தியிருப்பார், உங்கள மாதிரி மருந்து போட்டு மூடமாட்டார்னு. ரொம்ப நாள் அவர் எங்கிட்ட பேசல. மழைக்காலத்துக்கு அப்புறம்தான் எறங்கி வந்தார். இப்ப அவரே சொல்றார். நேத்துகூட, 'உங்கப்பா மாதிரி சுத்தமான ஆள் கிடையாதும்மா'ன்னார்."

பல்செட்டுக்காரர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையில் பார்த்த அந்தத் திருப்தி எதற்கென்று இப்போது புரிந்தது. எத்தனை பெட்டி என்று கேட்டபோதே அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மகள் ஒவ்வொரு முறை அப்பா அப்பா என்று சொல்லும்போதும் அதைச் சம்பந்தி எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இனியும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எறக்கும்மா," என்றார்.

"என்னது?"

"நாலையும் எறக்கு."

அவள் சிரித்தாள். கொடுக்க மனசு வரலையா என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்கு வெள்ளையாத்தான் வந்துச்சு," என்றார். "அஞ்சு பெட்டிக்கும்."

அவள் கயிற்றை இறுக்குவதை நிறுத்தினாள். கையில் கயிற்றின் நுனி இருந்தது. பிறகு வலைத்தொப்பியைக் கழற்றி, காரின் மேல் வைத்தாள்.

"எப்பலேருந்து மருந்து?"

"மழைக்காலத்துலேருந்து."

"எங்க வாங்குனீங்க?"

அவர் மூன்று தெரு தள்ளி அவள் வீடு இருக்கும் பக்கம் பார்த்தார். அவள் கண்கள் மெல்லப் பெரிதாயின.

"அப்ப மாமாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் திரும்பினாள். பின்கதவு நிலையில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ.

"உனக்குமாம்மா?"

"தெரியும்டி," என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

"எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றாள் மகள். கத்தவில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரிச் சொன்னாள். அவர் அதற்குப் பதிலாக கன்னத்தில் ஒரு அறை வாங்கத் தயாராக இருந்தார்.

மகள் காரின் பக்கம் திரும்பினாள். கயிற்றை அவிழ்த்தாள். புதுப்பெட்டிகள் நாலும் மறுபடி கொல்லைக்கு வந்தன. அவற்றுக்கும் இனிப் போக்கிடம் இல்லை. அம்மா மண்வெட்டியை எடுத்துவந்து வைத்தாள். வேலிக்கும் சுவருக்கும் நடுவே ஈர மண் இருந்த இடத்தில் அவரும் மகளும் மாறி மாறி வெட்டினார்கள். வெளியே போன தேனீக்கள் திரும்ப வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அது வேறொரு கூட்டில் போய்ச் சேரும். மூவரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாயும்வரை அவை வந்துகொண்டே இருந்தன. பூக்காலம் அல்லவா? எல்லாக் கால்களிலும் மஞ்சள் மகரந்தம் கட்டியிருந்தது. கோடைக்குப்பிறகு முதல்முறையாக நேர்மையாகச் சம்பாதித்துக்கொண்டு வந்தன.

இருள் கவியத் தொடங்கியதும் அவள் ஈரத்துணியைக் கிழித்து ஒவ்வொரு வாசலாக அடைத்தாள். இரைச்சல் உள்ளுக்குள் அமுங்கிற்று. கடைசிப் பெட்டியையும் குழிக்குள் இறக்கி, மேலே எண்ணெய் ஊற்றியபின், அவர் தீப்பெட்டியை எடுத்தார். இதையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. உங்களுக்கு முடியாது," என்றாள். "நான் ஏற்கெனவே மூணைக் கொளுத்தினவ."

அவர் கொடுத்துவிட்டார். நெருப்பு பிடித்ததும் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள், அசையாமல் நின்றாள். மெழுகும் தேனும் உருகி எரியும் வாசனை தெருமுழுக்கப் பரவியது. யாரோ மாடியிலிருந்து என்ன இனிப்பு செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

எல்லாம் சாம்பலாகி, மண் தள்ளி மூடியபிறகு, அவள் குழாயடியில் கைகால் கழுவினாள். வலைத்தொப்பியை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், அந்த மாமனாருக்கு எதிரில்தான் உட்கார வேண்டும். வாசலில் நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வரேம்மா என்றாள். பல்செட்டுக்காரர் பட்டறை விளக்கைப் போட்டுக்கொண்டு, வரிசையாக வாயைத் திறந்திருக்கும் தாடைகளுக்கு முன்னால், தனக்கும் ஒரு வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.